இடம் மாறிக்கொண்டே இருந்த இருபது மூட்டைகள்

அவர் மூட்டையை இறக்கிவைத்தால் சத்தம் வராது. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சத்தமின்மைதான். முகம்கூட அப்புறம்தான் வருகிறது.

செகந்தராபாத் பக்கம் உப்பலில் இருந்தது அந்தக் கிடங்கு. மாத்திரை செய்கிற கம்பெனிகளுக்கு மக்காச்சோள மாவு அனுப்புகிற இடம். ஒரு மாத்திரையில் மருந்து கொஞ்சம், மாவுதான் நிறைய என்பது அங்கே வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இருபத்தைந்து கிலோ காகித மூட்டைகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கும். கூரையில் நாலைந்து இடத்தில் வெளிச்சத்துக்காகக் கண்ணாடித் தகடு பதித்திருந்தார்கள். மத்தியான வெயில் அதன் வழியாகத் தூண் தூணாக இறங்கும். அந்தத் தூண்களுக்குள் மாவுத் தூசி மேலே போகும், கீழே வரும், எங்கேயும் போய்ச் சேராது. வெளியே லாரியும் ஹாரனுமாக ஊரே கத்திக்கொண்டிருக்கும். உள்ளே எங்கள் எல்லாருக்கும் இமை வெள்ளை, புருவம் வெள்ளை. சாப்பாட்டு வேளை முடிந்ததும், சுமை தூக்குகிற ஹமாலிகள் காலி அட்டைகளை விரித்துப் படுத்துவிடுவார்கள். அப்போது அவர் ஒருவர் மட்டும் நடந்துகொண்டிருப்பார். கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவருக்கு, நெஞ்சோடு ஒரு மூட்டையை அணைத்தபடி. போய்ச் சேர்ந்ததும் முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைப் பாயில் போடுகிற மாதிரி இறக்குவார்.

அவர்தான் அந்தக் கிடங்குக்கு சூப்பர்வைசர்.

நான் கேட்டில் இருந்தேன். வருகிற லாரியை எடைமேடையில் ஏற்றி எடையை எழுதிக்கொள்கிற வேலை. ஆம்பூரில் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுவே பெரிய வேலை என்று இருந்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறுவேன். இரண்டாவது ஸ்டாப்பில் இறங்கித் திரும்பிவந்து நாலாவது தரம் இழுத்துப் பார்ப்பேன். அவர் மூட்டையோடு நடக்கும்போதெல்லாம் விழுந்துவிடுவாரோ, அடுக்கு சரிந்துவிடுமோ என்று கேட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன்.

"இன்னாண்ணா இது, நாற்காலி குடுத்தும் மூட்ட தூக்கறீங்க?" என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன்.

"அந்த நாற்காலிதான்டா எனக்கு சுகரக் குடுத்துச்சு" என்றார்.

செகந்தராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம் அவருடையது. வேண்டாமுக்கு நக்கோ, ஆமாவுக்கு ஹவ் என்று அந்த ஊர் உருது பேச்சில் தானாக வந்து விழும். பதினெட்டு வருஷம் ஹமாலியாக இருந்தவர். காகித மூட்டையைத் தொப்பென்று போட்டால் வாய் பிளந்து மாவெல்லாம் கொட்டிவிடும். அவர் இறக்கிய மூட்டை கிழிந்ததே இல்லை. அதற்காகவே முதலாளி அவரைக் கூப்பிட்டு சூப்பர்வைசர் ஆக்கினார். ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி, அதற்கப்புறம் ஒரு கம்ப்யூட்டர். ஊரெல்லாம் கம்ப்யூட்டராக மாறிக்கொண்டிருந்த காலம் அது. மேற்கே பள்ளமும் பாறையுமாகக் கிடந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன என்று பஸ்ஸில் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். இவரும் இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பழகினார். வயிறு கொஞ்சம் முன்னே வந்தது. இரண்டே வருஷத்தில் ராத்திரி நாலு தரம் எழுந்திருக்க வேண்டியதாயிற்று. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை.

டாக்டரம்மாவிடம் தான் சண்டை போட்ட கதையை எனக்குப் பல தரம் சொல்லியிருக்கிறார். மாத்திரையை எழுதிவிட்டு அந்த அம்மா, "தினம் நடங்க" என்று சொல்லியிருக்கிறார்.

"மேடம், பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கினேன், ஒண்ணும் இல்ல. உக்கார வச்சாங்க, வந்துடுச்சு. நடக்கச் சொல்றீங்களே, தூக்கக் கூடாதா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாராம். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லையாம். கண்ணைப் பரிசோதிக்க அனுப்பினார், பிரஷர் பார்த்தார், பாதத்தைத் தடவிப் பார்த்தார். எல்லாம் பார்த்த பிறகு சொன்னார்: நடையையும் விடாதீர்கள், வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், கனமும் தூக்குங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"தசை இருக்கே தம்பி, அது பசிக்காரப் பய" என்பார் எனக்கு. "வேல குடுத்தா ரத்தத்துல இருக்கற சர்க்கரைய எடுத்துத் தின்னும். வேல இல்லேன்னா குறட்ட விட்டுத் தூங்கும். சர்க்கரை பாவம், போக எடமில்லாம ரத்தத்துலயே சுத்தும்."

செவ்வாய், வியாழன், சனி. இருபது மூட்டை. ஐந்து தூக்கினால் இரண்டு நிமிஷம் உட்காருவார், மறுபடி ஐந்து. தூக்கும்போது வாயைக் குவித்து ஊதுவார். இறக்கும்போதுதான் அதிக நேரம் எடுப்பார். "தூக்கறத எவனும் தூக்குவான். எறக்கறப்பதான் தசைக்கு வேல" என்பது அவர் கட்சி.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஹமாலிகளுக்கு மேஸ்திரி யாதய்யா. நல்ல கறுப்பு, மீசையில் எப்போதும் மாவு. லாரிக்கு ஏற்ற வேண்டிய மூட்டைகளில் இருபதை சூப்பர்வைசரே எடுத்துப்போய் வாசலில் அடுக்கியதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏமி சாரு, மா பொட்ட மீத கொடதாவா?"

எங்கள் வயிற்றிலேயா அடிக்கிறாய் என்று கேட்கிறார். அவர்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. இவர் இருபது தூக்கினால் அவர்களுக்கு இருபது போச்சு. இவர் வாசலில் வைத்த இருபதையும் திரும்பத் தூக்கிக்கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தார். யாதய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்துதான் அந்த வழக்கம். கிழக்குச் சுவரோரம் இருபது மூட்டை. செவ்வாயன்று அவை மேற்குச் சுவருக்குப் போகும். வியாழன் கிழக்கே திரும்பும். சனி மறுபடி மேற்கு. யாருடைய கூலியும் குறையாது, எந்த லாரியும் நிறையாது. ஒரு வேலையும் நடக்காத வேலை. எனக்கு அந்த இருபது மூட்டைகளும் ஏதோ உயிருள்ளவை போலவும், யாரும் பார்க்காதபோது கிடங்குக்குள் மெல்ல ஊர்ந்து மேய்கிறவை போலவும் தோன்றும். இன்றைக்கும் சில மத்தியானங்களில் கண்ணை மூடினால், அவை அந்த வெயில் தூண்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன.

அவர் மகள்தான் முதல் சம்பளத்தில் அவருக்கு விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் வாங்கிக் கொடுத்தவள். போனில் வெளிநாட்டுக்காரர்களிடம் பேசுகிற கம்பெனியில் ராத்திரி வேலை அவளுக்கு. அவர் தமிழில் கேட்பார், அவள் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்வாள். மெஷினில் செருகுகிற பட்டை விலை அதிகம் என்பதால் சனிக்கிழமை மட்டும் இரண்டு. தூக்குவதற்கு முன்னால் ஒன்று, தூக்கி அரைமணி கழித்து ஒன்று. ஹமாலிகள் எல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி சுற்றி நிற்பார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது நூற்று எழுபத்தொன்றுக்கு இறங்கினால் ஒரே கூச்சல். சில நாள் இறங்காது. சில நாள் ஏறிக்கூட இருக்கும். எனக்கு உடனே கவலை பிடித்துக்கொள்ளும். அவர், "ஹவ், இன்னிக்கு அதுக்கு மூடு இல்ல" என்று மெஷினைப் பைக்குள் போட்டுவிடுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற பெரிய டெஸ்ட்தான் அவருக்குக் கணக்கு. அது மெதுவாக, அவர் மூட்டை இறக்குகிற மாதிரியே, இறங்கிக்கொண்டு வந்தது.

ஒரு புரட்டாசி சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும். பெருமாளுக்கு விரதம். காலையில் பச்சைத் தண்ணீர்தான். ஆனால் மாத்திரையை மறக்கிறவர் இல்லை அவர், அதை மட்டும் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய் இலை போட்டுச் சாப்பிடுவதற்குள் மூட்டையை முடித்துவிடலாம் என்று வெறும் வயிற்றோடு ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழாவது மூட்டையை வைத்துவிட்டு, "மூணு" என்றார். அடுத்ததை வைத்துவிட்டு அதையும் மூணு என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. என்னைப் பார்த்து யாரோ மாதிரி சிரித்தார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. யாதய்யாதான் ஓடிவந்து அவரை உட்காரவைத்து, தன் டீ டம்ளரில் இரண்டு கை சர்க்கரையைக் கொட்டி, வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். பத்து நிமிஷத்தில் கண்ணில் ஆள் திரும்பி வந்தது.

"கைக்கு யாதய்யா, எதுக்கு ஒரு சுகர்காரனுக்கு இவ்ளோ சர்க்கரை?" என்றார்.

யாதய்யா தலையில் அடித்துக்கொண்டார். அதற்கப்புறம் சாப்பிடாமல் அவர் மூட்டையைத் தொட்டதில்லை. விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவந்தார். அவர் பையிலும் என் பையிலும் எப்போதும் குளுகோஸ் பிஸ்கட் இருக்கும்.

அந்த வருஷக் கடைசியில்தான் மகளுக்கு இடம் வந்தது. கும்பகோணம் பக்கத்துக் குடும்பம். பையன் இங்கேயே கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் சாஃப்ட்வேர். அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஆபீசர்னு சொல்லியிருக்கு. கல்யாணம் முடியற வரைக்கும் நீங்க மூட்டையைத் தொடக்கூடாது. சுகர்ங்கற வார்த்தை இந்த வீட்ல வரக்கூடாது. அப்பனுக்கு இருக்குன்னா பொண்ணுக்கும் வரும்னு போயிடுவாங்க."

மூன்று வாரம் தொடாமல் இருந்தார். அந்த இருபது மூட்டையும் மேற்குச் சுவரோரம் அப்படியே கிடந்தன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது சனிக்கிழமை மெஷின் இருநூற்று அறுபது காட்டியது. வந்த வியாழக்கிழமை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு எழுந்துபோனார்.

அதே வியாழக்கிழமைதான் பையனுடைய தாய்மாமன் வந்தார். சம்பந்தம் பேசுவதற்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் வேலை பார்க்கிற இடத்துக்கே வந்து விசாரிப்பது நம் ஊர் வழக்கம்தானே. மடிப்புக் கலையாத வேட்டி, கையில் மஞ்சள் பை. கேட்டில் நின்று சூப்பர்வைசர் பெயரைச் சொல்லி, "இருக்காங்களா தம்பி?" என்றார். பெண் வீட்டைப் பற்றி நாலு கேள்வியும் கேட்டார். யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. வாசலுக்கு நேரே, உள்ளே, வெயில் தூணுக்குள் சூப்பர்வைசர் பனியனும் மாவுமாக மூட்டையோடு வந்துகொண்டிருக்கிறார்.

"இல்லீங்க. ஹெட் ஆபீஸ் போயிருக்காரு" என்றேன்.

மாமா எட்டிப் பார்த்தார். "அது யாரு?"

"அவரா? அவரு… ஹமாலிங்க."

மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எவ்வளவு பதவிசா எறக்கறாரு பாருங்க. நல்ல ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பதினெட்டு வருஷம் அதானேடா. பொய்னு சொல்ல முடியாது" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஞாயித்துக்கிழமை வர்றாங்களே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி வாங்கிப்போடவும் கடைக்கு ஓடவும் என்னையும் வரச்சொல்லியிருந்தார். பையன், பையனின் அம்மா, மாமா மூன்று பேரும் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி. அவர் வெள்ளைச் சட்டையில் இருந்தார். மாமா காப்பியை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். அவரைப் பார்த்தார். மூலையில் நின்ற என்னைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை மூட்டை தூக்கினது நீங்கதானே?"

அண்ணி முகத்தில் ரத்தம் இல்லை. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"அன்னிக்கு ஆளுங்க வரலீங்க. லாரி வேற நிக்குது. அதான் அண்ணனே எறங்கிட்டாரு. பனியனோட இருக்காரு, உங்க முன்னால கூச்சப்படுவாருன்னு நான்தான் அப்படிச் சொல்லிட்டேன்."

மாமா முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! எறங்கி வேலை செய்யறவர்தான் ஆபீசர். நானும் ஒரு நிமிஷம் என்னமோன்னு நெனச்சுட்டேன்."

அண்ணி மூச்சு விட்டார். எல்லாம் முடிந்தது. அவர் ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்திருந்தால் போதும், பேச்சு முகூர்த்தத்துக்குப் போயிருக்கும். அவர் தட்டை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"இவன் பயந்த சுபாவம். இவனக் கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு ஆளுங்க எல்லாரும் வந்திருந்தாங்க. நான் தூக்கினது எனக்காக. எனக்கு சுகர் இருக்கு. ஆறு வருஷமாச்சு."

"ஏங்க…" என்றார் அண்ணி.

பையனின் அம்மா கேட்டார். "பரம்பரையா?"

"எங்கப்பாவுக்கு இருந்துச்சும்மா. எங்க அக்கா கல்யாணம் நின்னுடுமோன்னு அவர் யார்கிட்டயும் சொல்லல. மாத்திரைய ஒளிச்சார். காலுல வந்த புண்ணையும் ஒளிச்சார். கடைசியில காலையே எடுத்தாங்க. அக்காவுக்கும் இப்ப இருக்கு. புருஷன் வீட்டுக்கு இன்னிவரைக்கும் தெரியாது. பாத்ரூமுக்குள்ள போய் மாத்திரை முழுங்கறா." பையனின் அம்மாவைப் பார்த்தார். "என் பொண்ணுக்கு வரும்னும் நான் சொல்லல, வராதுன்னும் சொல்லல. வந்தா அவ பாத்ரூம்ல போய் முழுங்கக்கூடாது."

பையன் கேசரியைத் தொடாமல் கரண்டியால் அதன் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தான். மாமா எழுந்தார். "ஊருக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமென்று எனக்கே தெரியும்.

அவர்கள் போனதும் அண்ணி, "ஒரே ஒரு மணி நேரம் வாயக் கட்ட முடியலயா உங்களுக்கு" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் வந்து தரையில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துத் தின்றுவிட்டு, "பாகுன்னாயி டாடி" என்றாள். நன்றாக இருக்கிறது என்று. அவர் அவள் தலையில் கைவைத்தார். அவள் தின்றுகொண்டேயிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தப் பையன் தனியாக வந்தான். கழுத்தில் போடுகிற ஆபீஸ் அட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்திருந்தான். இந்தத் தரம் நான் எதுவும் சொல்லாமல் உள்ளே கூட்டிப்போனேன். அவர் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார்.

"சார், போன மாசம் ஆபீஸ்ல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. எனக்கு சுகர் பார்டர்ல இருக்குன்னாங்க. இப்பவே கவனிக்கலேன்னா வந்துடுமாம். வீட்ல சொல்லல. நீங்க அன்னிக்குச் சொன்னப்ப எங்கம்மா மூஞ்சி போன போக்கப் பாத்தேன். அதே வியாதிய வச்சுக்கிட்டு நான் அங்க மாப்பிள்ளையா உக்காந்திருக்கேன்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தூசி எங்கள் மூன்று பேருக்கும் நடுவே இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன வயசு?"

"இருபத்தொம்பது சார்."

"நாள் பூரா நாற்காலியா?"

"பன்னெண்டு மணி நேரம்."

"ஹவ்" என்று தலையாட்டினார். "இத எங்கிட்ட எதுக்குச் சொல்றே? கட்டிக்கப்போறது நானா? அவகிட்ட போய்ச் சொல்லு." என்னைப் பார்த்து, "டேய் தம்பி, வீட்டக் காட்டு" என்றார்.

பத்து நிமிஷ நடை. வழியெல்லாம் அவன் திரும்பி ஓடிவிடுவானோ என்று எனக்குப் பயம். ராத்திரி வேலை முடிந்து தூங்கி எழுந்த முகத்தோடு அவள் கதவைத் திறந்தாள். அவன் வாசலில் நின்றே இங்கிலீஷில் மூச்சு விடாமல் சொன்னான். பார்டரும் சாரியும்தான் எனக்குப் புரிந்தது. அவள் முழுதும் கேட்டாள்.

"மீ அம்மகாரிகி செப்பாரா?" என்றாள். அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று.

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

"முந்து ஆவிடகி செப்பண்டி. தருவாத ரண்டி." முதலில் அவரிடம் சொல்லுங்கள், அப்புறம் வாருங்கள். சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தவில்லை. நிலையில் சாய்ந்தபடி நின்றாள். அவன் தெருவில் இறங்கி, மின்கம்பத்தோரம் போய், செல்போனை எடுத்து எண்ணை அழுத்தினான். காதில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். கேட்டைத் திறந்துபோட்டு வந்திருக்கிறேனே என்ற கவலையில் நான் அதற்குமேல் நிற்கவில்லை.

கிடங்கில் எல்லாரும் படுத்திருந்தார்கள். அவர் நாற்காலியில் இருந்தார்.

"சொன்னானா?"

"சொன்னாண்ணா. உங்க அம்மாவுக்குச் சொல்லிட்டு வான்னு பாப்பா சொல்லிடுச்சு. தெருவுல நின்னு போன் போடறான். பாப்பா வாசல்லயே நிக்குது."

அவர் வீடு இருக்கிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். மேஜைமேல் வைத்திருந்த இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தப் புரட்டாசி சனிக்கிழமை மாதிரி சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பயந்தேன். பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துப் பிரித்து நீட்டினேன்.

"நக்கோ. இப்பதானே சாப்ட்டேன்" என்றார். கைகள் நடுங்கியபடியே இருந்தன. அன்றைக்கு அவர் இன்னும் ஒரு மூட்டையைக்கூடத் தொட்டிருக்கவில்லை.